எங்கள் வளவில் பனி பெய்வதில்லை

எங்கள் வீட்டு முன் ஹோலில் ஒரு படம் தொங்குகிறது. பனி மூடிய மூன்று மலைகள், அடிவாரத்தில் ஓர் ஏரி, கரையில் பைன் மரங்கள், அவற்றுக்கிடையே புகைக்கூண்டு வைத்த ஒரு மரவீடு. கன்வஸ் துணியில் அக்ரிலிக் வர்ணம். கீறியவள் நான்தான். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த நாட்களில், யூடியூப் காணொளி ஒன்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்து மூன்று நாளில் முடித்தேன். வீட்டுக்கு வந்த மாமிமார், சாச்சிமார் எவரும் அதன் முன்னால் நின்று "மாஷா அல்லாஹ்" சொல்லாமல் போனதில்லை. உம்மா அதற்குச் சட்டமும் அடித்துக் கொண்டுவந்தார்.

மூத்தம்மா மட்டும் உடனே ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார்.

"இது எந்த ஊரு புள்ள?"

"ஒரு ஊரும் இல்ல மூத்தம்மா. சும்மா ஒரு காட்சி."

"அந்த ஊட்டுல ஆரு இரிக்கிற?"

"ஆருமில்ல."

"அப்ப புகை வருது?"

எனக்குப் பதில் வரவில்லை. காணொளியில் புகை இருந்தது, அதனால் நானும் புகை வைத்தேன். அவ்வளவுதான். இந்தக் கட்டுரை அந்தப் புகையிலிருந்துதான் தொடங்குகிறது.

தோழியரே, கோபிக்காமல் கேளுங்கள். நாம் வீட்டில் இருந்து கீறுகிற பூக்களிலும் இயற்கைக் காட்சிகளிலும் பெரும்பாலானவை நாம் பார்த்தவை அல்ல. செர்ரிப் பூக்கள், லெவண்டர் வயல்கள், இலையுதிர்காலச் செம்மரங்கள், வடதுருவத்துப் பச்சை ஒளி. நமது ஊரிலிருந்து ஒன்று வந்தால் அது தென்னைமரம். அதுவும் செக்கச் சிவந்த வானத்துக்கு முன்னால் கறுப்பு நிழலாக மட்டும் வரும். கறுப்பு நிழலாகக் கீறினால் ஓலை எப்படித் தொங்குகிறது, குரும்பை எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்கத் தேவையில்லை அல்லவா? நான் சொல்ல வருவது இதுதான்: வீட்டில் இருந்து கீறுகிறவள் முதலில் தன் வீட்டைச் சுற்றி உள்ளதைக் கீற வேண்டும். அழகுக்காக அல்ல. அதை வேறு யாரும் கீறப்போவதில்லை என்பதற்காக.

நாம் ஏன் பார்த்துக் கீறுவதில்லை? காணொளி உறுதியான முடிவைத் தருகிறது. விசிறித் தூரிகையை இப்படித் தட்டினால் பைன் மரம் வரும் என்கிறார்கள், தட்டுகிறோம், வருகிறது. முருங்கைமரம் எந்தத் தூரிகையைத் தட்டினாலும் வராது. பிரதி எடுப்பது முழுக்கப் பிழை என்றும் நான் சொல்லமாட்டேன். வானத்தை மேலிருந்து கீழாக வெளிறச் செய்வதும், அக்ரிலிக் காயுமுன் இரண்டு நிறங்களை ஒன்றோடொன்று இழைப்பதும் அந்த மலைப் படத்தில்தான் என் கைக்கு வந்தன. கை பழகியது. கண் மட்டும் பழகவில்லை.

கண் பழகாதது எனக்கு எப்போது தெரிந்தது என்றால், கேற்றுக்குப் பக்கத்திலுள்ள கடதாசிப்பூ மரத்தைக் கீற உட்கார்ந்த அன்று. பிறந்த நாள் முதல் பார்க்கிற பூ. மனதில் இருந்தபடி ஐந்து இதழ் வைத்துக் கீறினேன். பிறகு ஒரு பூவைப் பிய்த்துக் கையில் வைத்துப் பார்த்தால் மூன்றுதான் இருக்கின்றன. அந்த மூன்றும்கூட இதழ்கள் அல்ல. நிறம் மாறிய இலைகள். நரம்பு ஓடுவதைப் பார்த்தாலே இலை என்று தெரியும். அவற்றின் நடுவே, ஊசி போன்ற குழாயின் நுனியில் வெள்ளையாகச் சின்னதாக இருப்பதுதான் உண்மையான பூ. நான் உயிரியல் படிக்கிற பிள்ளை. பூவடியிலைகளைப் பற்றிக் கொப்பியில் குறிப்பு எழுதியிருக்கிறேன். இத்தனை வருடம் அந்த மரத்துக்குக் கீழால் பாடசாலைக்குப் போய் வந்தும் அதைப் பார்த்ததில்லை.

அடுத்தது மல்லிகை. எங்கள் வளவில் இப்போது மல்லிகை இல்லை (ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்), பக்கத்து வீட்டு மாமியிடம் ஒரு கொடி வாங்கி வந்து போத்தலில் வைத்து நீர்வர்ணத்தில் தொடங்கினேன். நீர்வர்ணத்தில் வெள்ளை என்பது கடதாசியின் வெள்ளைதான். பூவுக்கு நீங்கள் வர்ணமே பூசுவதில்லை. பூவைச் சுற்றியுள்ள இருட்டைப் பூச வேண்டும், பூ தானாக எஞ்சி நிற்கும். ஒரு தடவை கை தவறி அந்த இடத்தில் நிறம் ஏறிவிட்டால் பழைய வெளிச்சம் திரும்பாது. அக்ரிலிக்கில் அந்தப் பயம் இல்லை, பிழைத்த இடம் காய்ந்ததும் மேலால் வெள்ளை அடிக்கலாம். அதனால்தான் பயந்த பிள்ளைகள் எல்லோரும் அக்ரிலிக்குக்குப் போகிறோம் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் போனேன். மல்லிகை இதழின் நிழலுக்கு முதலில் கறுப்பைத் தண்ணீரில் கரைத்து வைத்தேன். பூ அழுக்குத் துணி போலாகிவிட்டது. அல்ட்ராமரின் நீலத்தில் ஒரு பொட்டு பர்ன்ட் சியன்னா கலந்து நிறையத் தண்ணீர் விட்டால் வருகிற சாம்பல் நீலம்தான் அந்த நிழல். நாலு கடதாசி வீணானது. ஐந்தாவதில் இரண்டு மொட்டு மட்டும் மல்லிகை போல வந்தன.

நம் ஊர்க் காலநிலையும் ஒரு ஆசிரியைதான். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ஈரக் கடதாசியில் வானத்தைப் பாதி பூசி முடிக்குமுன் மறுபாதி காய்ந்து கோடு விழுந்துவிடும். மாரி மழைக்காலத்தில் அதே கடதாசி ஒரு மணி நேரமாகியும் காயாது. அலுமாரிக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். நீர்வர்ணம் காய்ந்தால் வெளிறும், அக்ரிலிக் காய்ந்தால் கருக்கும். ஆகவே ஒன்றில் நினைத்ததை விடக் கொஞ்சம் கூடுதலாகவும் மற்றதில் கொஞ்சம் குறைவாகவும் வைக்கப் பழக வேண்டும். இன்னொன்று, அனுபவத்தில் சொல்கிறேன்: அக்ரிலிக் பூசும்போது நல்ல உடுப்போடு உட்காராதீர்கள். நீர்வர்ணம் சவர்க்காரத்துக்குப் போய்விடும். அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் போல ஒட்டிக்கொள்ளும். எனது ஓர் அபாயாவின் கையில் இன்னும் ஓர் ஏரி இருக்கிறது.

பச்சை நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது சம்மாந்துறையில். ஊரைத் தாண்டினால் வயல்தான். வானம் தெளிவான மாலைகளில் வயலுக்கு அப்பால் மேற்கே மலைகள் நீலமாகத் தெரியும். தூரம் கூடக் கூட நிறம் வெளிறி நீலமாகும் என்று சித்திரப் பாடத்தில் படித்தது அங்கே கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை வாப்பாவோடு வட்டைக்குப் போய், வரம்பில் இருந்து பென்சிலால் கீறிக்கொண்டு வந்து, வீட்டில் வர்ணம் தீட்டினேன். ரியூபில் வருகிற பச்சையை அப்படியே எடுத்து வயல் முழுக்கப் பூசினேன். கரும்பச்சை, பளபளவென்று. மூத்தம்மாவிடம் காட்டினேன். இந்தத் தடவை எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை.

"இது குடலையா, கதிரா?"

எனக்கு விளங்கவில்லை. பயிர் வயிற்றில் கதிர் வைத்திருக்கிற பருவமா, கதிர் வெளியே தள்ளிய பருவமா என்று கேட்கிறார். நான் கீறியது இரண்டுமில்லை. பிறகு சொன்னார்:

"இந்த நிறத்துல நிண்டா யூரியா கூடிப் போச்செண்டு அர்த்தம். பயிர் சாயும். பூச்சி விழும்."

படத்தைத் திருத்தச் சொன்னதாக அவர் நினைக்கவில்லை. வயலைப் பற்றித்தான் பேசினார். ஆனால் அதைவிட நல்ல சித்திரப் பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. நெல் இலையின் பச்சையை ஓர் அட்டையிலுள்ள பச்சைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து யூரியா போடுவதா விடுவதா என்று தீர்மானிக்கிற முறை விவசாயத்தில் இருக்கிறது என்று பிறகு அறிந்தேன். மூத்தம்மாவுக்கு அட்டை தேவைப்படவில்லை. 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது வயல் எப்படி இருந்தது என்றும் அன்று சொன்னார். "எலுமிச்சம் பழம் மாதிரி மஞ்சள்" என்றார். அந்த வருடம் வீட்டில் நெல் மூடை குறைந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வயலின் நிறம் ஞாபகம் இல்லை. நான் பார்த்திருந்தால் அல்லவா ஞாபகம் இருக்க!

இப்போது நான் ரியூப் பச்சையைத் தொடுவதில்லை. லெமன் மஞ்சளும் நீலமும் கலந்துதான் வைக்கிறேன். இளம் பயிருக்கு மஞ்சள் தூக்கலாக, குடலைக்கு நீலம் ஒரு துளி கூட, கதிர் முற்றினால் யெலோ ஓக்கர். ஆறு சின்னப் பெட்டிகளாகக் கோடு போட்டு, ஆறு பச்சைகளையும் பூசி, பக்கத்தில் மாதத்தை எழுதி வைத்திருக்கிறேன். அது படம் அல்ல. ஆனாலும் பனிமலையை விட அந்தக் கடதாசிதான் எனக்குப் பெறுமதியாகத் தெரிகிறது.

நமக்குள் இன்னொரு பேச்சும் உண்டு. "உருவம் கீறக் கூடாது, அதனால்தான் பூவும் மரமும்" என்று, ஏதோ மீந்ததை நமக்குத் தந்தது போலச் சொல்வார்கள். உருவப் படங்கள் பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்துகளைப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் படம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையும்படி இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் வழி சொன்னதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. அந்த வழி சின்ன வழியா? கலீபா வலீத் காலத்தில், 715ஆம் ஆண்டளவில் கட்டி முடிக்கப்பட்ட டமஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலின் சுவர்களில் மரங்களும் ஆறும் மாளிகைகளும் பொன்னிறக் கற்களோடு பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மனிதர் இல்லை, ஒரு மிருகம் இல்லை. ஆனாலும் அவை வெறுமையாகத் தோன்றுவதில்லை. 1620இல் பேரரசர் ஜஹாங்கீர் காஷ்மீருக்குப் போனார். அவரது ஓவியர் உஸ்தாத் மன்சூர் நூற்றுக்கும் மேற்பட்ட காஷ்மீர்ப் பூக்களை வரைந்ததாக ஜஹாங்கீரே தன் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். (மன்சூர் பறவைகளையும் விலங்குகளையும் வரைந்தவர், அது வேறு விடயம்.) அந்தப் பூப் படங்களில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில.

நம் நாட்டிலும் அப்படிப் பார்த்துக் கீறியவர்கள் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் ஹர்மானிஸ் டி அல்விஸும் அவருக்குப் பின் அவரது குடும்பத்தாரும் இலங்கைத் தாவரங்களை வரைந்தார்கள். பார்க்காமல் கீறினால் என்ன நடக்கும் என்பதற்கு நமது தேசிய மலரே சாட்சி. நீல அல்லி என்று நாம் நினைத்துக் கீறுகிற, பூக்கடையில் விற்கிற அந்தக் கடும் ஊதாப்பூ நம் நாட்டு அல்லியே அல்ல, வெளியிலிருந்து வந்த கலப்பினம் என்று இலங்கைத் தாவரவியலாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். நம் குளத்து அல்லி வெளிறிய நீலம். சிலவேளை வெள்ளைக்குக் கிட்ட. ஒருவர் கீறியதைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து நாம். ஆண்டு 6இல் நான் கீறிய தேசிய மலரும் கடும் ஊதாதான். நல்ல புள்ளியும் கிடைத்தது.

இனிப் பெற்றோருக்கு. "உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு இது என்னத்துக்கு மகள்?" என்று என் உம்மா கேட்கிறார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இசட் புள்ளியில் ஒரு சின்ன வித்தியாசம் ஒரு பிள்ளையின் பாதையையே மாற்றிவிடும். காலையில் பாடசாலை, பின்னேரம் டியூஷன், இரவில் கடந்தகால வினாத்தாள். சாதாரண தரத்தோடு சித்திரப் பெட்டியை மூடிவிடு, பரீட்சை முடிந்ததும் திறக்கலாம் என்கிறார்கள். படம் கீறினால் ஞாபகசக்தி கூடும், புள்ளி கூடும் என்றெல்லாம் சொல்லி உங்களை மடக்க எனக்கு விருப்பமில்லை. கூடுமோ, தெரியாது. நான் கேட்பது வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மஃரிப் வரையுள்ள நேரம் மட்டும். செலவும் பெரிதல்ல: மூன்று நிறம், இரண்டு தூரிகை, ஒரு தடித்த தாளை நாலாக வெட்டினால் நாலு வெள்ளிக்கிழமை. அந்த நேரத்தில் நான் போனைப் பார்ப்பதில்லை என்பதை உம்மாவே ஒத்துக்கொள்வார்.

பரீட்சை முடிந்ததும் கீறலாம்தானே என்பதற்கு மட்டும் என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதுதான் மல்லிகை.

எங்கள் வளவின் தென்பக்கத்தில் ஒரு மல்லிகைப் பந்தல் இருந்தது. மூத்தம்மா வைத்தது. மஃரிப் நேரத்தில் அந்த வாசம் குசினி வரை வரும். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும், பெண்பிள்ளை ஒன்றுக்கு ஒரு வீடு. வளவு இருந்தால் வளவிலேயே. சென்ற வருடம் ராத்தாவின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினார்கள், மல்லிகை போனது. இன்று அந்த இடத்தில் அழகான மாபிள் வீடு, ராத்தா சந்தோசமாக இருக்கிறா, அல்ஹம்துலில்லாஹ். சீதன வீடு சரியா பிழையா என்பது இன்னொரு கட்டுரை. அதை எழுத எனக்கு இன்னும் கொஞ்சம் தைரியம் வேண்டும். நான் சொல்ல வந்தது வேறு. பந்தலைப் பிடுங்கிய அந்தக் கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன். விடுமுறை. கையில் தூரிகையும் இருந்தது. அறைக்குள் இருந்து பைன் மரத்துக்கு இலை தட்டிக்கொண்டிருந்தேன். வெளியே மண்வெட்டிச் சத்தம் கேட்டது. இடைஞ்சலாக இருக்கிறது என்று யன்னலைச் சாத்தினேன்.

பந்தலின் படம் இப்போது யாரிடமும் இல்லை. ஏழு வயதில் நான் பெருநாள் உடுப்போடு நிற்கிற ஒரு போட்டோவின் ஓரத்தில் அதன் ஒரு கால் தெரிகிறது. நினைவிலிருந்து கீறிப் பார்த்தேன். கொடி எந்தப் பக்கம் ஏறியது என்பதே நிச்சயமில்லை.

அடுத்த வீடு எனக்கு. முருங்கைமரம் நிற்கிற இடத்தில் என்று வாப்பா நூல் பிடித்துப் பார்த்தாயிற்று. அவசரமில்லை, படிப்பு முடியட்டும் என்கிறார். எனக்கு அவசரம் இருக்கிறது. நாலு மாதமாக வெள்ளிக்கிழமைகளில் அந்த முருங்கையைத்தான் கீறுகிறேன். கஷ்டமான மரம். இலையை ஒவ்வொன்றாகக் கீறப் போனால் வாழ்நாள் போதாது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இலைகள் மறைந்து வெளிச்சத் திட்டும் இருட்டுத் திட்டும் மட்டும் தெரியும், அதைப் பிடிக்க வேண்டும். ஈரத்தில் ஒரு பச்சை, காய்ந்த பின் அதற்கு மேல் ஒரு பச்சை, நடுவே வானத்துக்கு ஓட்டைகள் விட வேண்டும். ஓட்டை விட மறந்தால் மாமரமாகிவிடும். அடிமரம் சாம்பல், வெடித்த தோல், மாலை வெயில் படும் பக்கம் மட்டும் லேசான மஞ்சள். பூ பாலாடை நிறம். ஏழு படம் ஆயிற்று. நீர்வர்ணத்தில் ஐந்து, அக்ரிலிக்கில் இரண்டு. ஆறாவது பரவாயில்லை.

ஏழாவதைப் போன மாதம் மூத்தம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நீண்ட நேரம் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்கவில்லை, என்ன பருவம் என்றும் கேட்கவில்லை.

"மேற்கால ஒரு கொப்பு முறிஞ்சி கிடக்குமே, அத ஏன் உட்டாய்?"

வெளியே போய்ப் பார்த்தேன். இருந்தது. போன மாரியில் முறிந்து, தோலில் தொங்கி, தொங்கிய இடத்திலேயே இரண்டு துளிர் விட்டிருந்தது. எட்டாவது படத்தில் அதையும் சேர்த்திருக்கிறேன். பனிமலை இன்னும் ஹோலில்தான் தொங்குகிறது. சட்டத்துக்குக் காசு கொடுத்தது நான், கழற்றாதே என்கிறார் உம்மா.